ஹானியா துறைமுகத்தில் ஒரு முழுநாள் உணவகம்

கிரேக்கத்தின் கிரீட் தீவில், ஹானியா நகரின் வெனிசியர் காலத்துத் துறைமுகத்தை ஒட்டி, காலைக் காப்பியில் தொடங்கி நள்ளிரவு வரை இயங்கும் ஓர் உணவகத்தில் நாங்கள் ஒரே நாளில் இருமுறை உண்டோம். காலையில் வந்த புகாட்சா, மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் சற்றே புளிக்கும் மிசித்ரா பாலாடைக்கட்டியை வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரை தூவிய பண்டம்; இனிப்பும் உப்பும் நாவில் ஒன்றாகக் கூடும் அந்தச் சுவைக்காகவே மீண்டும் செல்லலாம்.

இரவில் தாகோஸ் கேட்டோம். சுட்டு உலர்த்திய பார்லி ரொட்டியின் மேல் துருவிய தக்காளியும் மிசித்ராவும் குவித்து, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். தக்காளிச் சாற்றில் மேற்புறம் ஊறி மென்மையாகியிருக்க, அடிப்புறம் மட்டும் கடிக்கும்போது மொறுமொறுவென நொறுங்கியது. தயாரித்தவுடன் பரிமாறினால் மட்டுமே இந்தப் பதம் கிடைக்கும்.

கணவாய் பொரியல்தான் ஏமாற்றியது. உறைபதனம் செய்தவற்றை உடுக்குறி (*) இட்டுக் காட்டுவது கிரேக்க உணவுப் பட்டியல்களின் வழக்கம். அதைக் கவனிக்காதது எங்கள் பிழையே என்றாலும், ரப்பர்போல் இழுபடும் அளவுக்குப் பொரித்தது சமையலறையின் பிழை. புதிய மீனை எடைக்கு விற்பதால், சமைக்கும் முன்பே நிறுத்துக் காட்டி விலையைச் சொன்னது மிகவும் நேர்மையான செயல்.

நாமாகக் கேட்காமல் கணக்குச் சீட்டு வராது; எங்களை எழுப்பிவிட யாரும் அவசரப்படவில்லை. கேட்டபோது, சீட்டுடன் தர்பூசணித் துண்டுகளும் சிறு குப்பியில் சிகூதியா என்னும் திராட்சைச் சக்கை மதுவும் விலையின்றி வந்தன.