ஆல்டர்நேட்டர்: சர்வீஸா, புதுசா?

இன்ஜின் ஓடும்போது கார் பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்நேட்டர்தான். அது கெட்டால் பிரித்துச் சரிசெய்வதா (சர்வீஸ்), புதுசு மாட்டுவதா? முதலில், இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் சார்ஜ் போதவில்லை. (சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே வோல்டேஜைக் குறைக்கும், அதைப் பார்க்க, கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.) பெல்ட் தளர்வு, டெர்மினலில் பச்சைக் களிம்பு, எர்த் ஒயர் (பேட்டரியின் நெகட்டிவ் முனையை கார் பாடியோடு இணைப்பது) மூன்றையும் பார்க்காமல் ஆல்டர்நேட்டரைக் கழற்ற விடாதீர்கள். பாவம், பலர் வீணாகப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள்.

அந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் சர்வீஸா, புதுசா என்ற கேள்வி.

செலவு
சர்வீஸ்: கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தருவது), ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது), கூலி. அவ்வளவுதான்.
புதுசு: பல மடங்கு.

உழைப்பு
சர்வீஸ்: பிரஷ் மட்டும் தேய்ந்து, ஸ்லிப் ரிங் (பிரஷ் உரசும் வளையம்) பள்ளம் விழாமல் இருந்தால் தாராளமாக உழைக்கும். காயிலில் (செப்புக் கம்பிச் சுருள்) கருகிய வாடை அடித்தால், கம்பியைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங்கை நான் நம்பமாட்டேன்.
புதுசு: பேரிங், டயோடு (ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குவது) எல்லாமே புதிது, வாரண்டியும் உண்டு.

நேரம்
சர்வீஸ்: பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.
புதுசு: கழற்றி மாட்டும் நேரம்தான்.

ஊருக்குள் ஓடும் பழைய காருக்கு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சர்வீஸ் போதும். இரவில் நெடுந்தூரம் போகிறவர்கள், காயில் கருகிய கார் வைத்திருப்பவர்கள் புதுசே மாட்டுங்கள்.