ஆங்கில இலக்கணப் பயிற்சிக்கு அட்டைப்பெட்டி: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

ஆங்கில இலக்கணத்தில் நாம் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றுக்கென்று நான் வைத்திருப்பது ஒரு அட்டைப்பெட்டி, அதாவது வாக்கியம் எழுதிய சிறு அட்டைகளை அடுக்கிய பெட்டி. அட்டையின் ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் அதற்கான ஆங்கில வாக்கியம். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லவேண்டும், அப்புறம் திருப்பிச் சரிபார்க்கவேண்டும். சில வருடங்களாக விடாமல் பயன்படுத்திவருகிறேன். எதற்கு இது கைகொடுத்தது, எதற்குக் கைகொடுக்கவில்லை என்று இப்போது ஓரளவு நிச்சயமாகச் சொல்லமுடியும்.

பயிற்சிப் புத்தகம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இடப்பக்கம் விளக்கமும் வலப்பக்கம் கோடிட்ட இடங்களுமாக வரும் புத்தகங்கள் விளக்கத்துக்கு மிக நல்லவை. என்னிடமும் ஒன்று இருக்கிறது, இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் பாடத்தின் தலைப்பே 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்று இருக்கும்போது கீழே உள்ள எல்லாக் கேள்விக்கும் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' போட்டால் முடிந்தது. முழு மதிப்பெண் வந்துவிடும். மறுநாள் ஒரு மெயில் எழுத உட்காரும்போது யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லை. இங்கே எந்த விதி வேண்டும் என்று அந்த நொடியில் கண்டுகொள்வதுதான் கடினமான பாதி. புத்தகம் அந்தப் பாதியை நமக்காகச் செய்துவிடுகிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் மொபைல் ஆப்களிலும் இதே கதைதான். சரியான விடை கண்ணுக்குத் தெரிந்துவிடும், பேசும்போது வாயில் வராது.

அட்டையில் அந்தத் தலைப்பு இல்லை. எல்லா இலக்கணமும் ஒரே கட்டுக்குள் கலந்து கிடக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை மற்ற முறைகளுக்கு மேலே வைப்பேன்.

பெட்டி முறை என் கண்டுபிடிப்பு அல்ல. மனப்பாடம் செய்தது முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1970-களில் அறைகள் பிரித்த பெட்டியைப் பரவலாக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்கவேண்டும், கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும். 2006-இல் வந்த ஆன்கி என்ற மென்பொருள் இதே மாதிரிக் கணக்கைத் தானே போட்டுக் கொடுக்கிறது, கம்ப்யூட்டரில் இலவசம். இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். அட்டை ஆயிரத்தைத் தாண்டினால் மென்பொருள்தான் வசதி. தொடங்குபவர்களுக்குக் காகிதத்தைத்தான் சொல்வேன், கையால் எழுதும்போதே பாதி மனதில் தங்கிவிடும்.

ஒரு அட்டையைக் காட்டுகிறேன். முன்பக்கம்: 'அவர் இரண்டு வருடமாக இங்கே வேலை பார்க்கிறார்.' பின்பக்கம்: 'ஹி ஹேஸ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்.' தமிழில் 'பார்க்கிறார்' என்று நிகழ்காலம் இருப்பதால் நாக்கு நேராக 'ஹி இஸ் வர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்றுதான் போகும். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. நேற்று தொடங்கி இன்னும் நடப்பதைத் தமிழ் நிகழ்காலத்தில் சொல்லும், ஆங்கிலம் பெர்ஃபெக்டில் சொல்லும். காலத்தின் நீளத்துக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. இதன் பக்கத்திலேயே இன்னொரு அட்டை: 'போன வாரம் அவரிடம் பேசியிருக்கிறேன்.' தமிழில் இது இயல்பான வாக்கியம். ஆனால் 'லாஸ்ட் வீக்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' வராது, 'ஐ ஸ்போக் டு ஹிம்' என்றுதான் வரும். முந்தைய அட்டையின் சூட்டில் 'ஹேவ்' போட்டவரை இது உடனே பிடித்துவிடும். அட்டையைத் தமிழில் எழுதுவதன் பலனே இதுதான். நாம் எங்கே வழுக்குவோமோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

அதிகப் பலன் கிடைத்தது கேள்வியை உள்ளே வைத்த வாக்கியங்களில். 'அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை' என்பதில் கேள்வி அப்படியே இருக்கும், பின்னால் ஒரு 'என்று' சேர்த்தால் போதும். அந்தப் பழக்கத்தில்தான் 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று வருகிறது. ஆங்கிலத்தில் கேள்வி உள்ளே போனதும் சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பி 'வேர் ஹி இஸ்' ஆகிவிடும். விளக்கத்தைப் படித்தால் ஐந்து நிமிடத்தில் புரியும், ஆனால் பழக்கத்தில் வர எனக்கு மாதக்கணக்கில் ஆனது. வேறு வேறு வினைகளோடு இருபது முப்பது அட்டைகள் போட்டபிறகு இப்போது யோசிக்காமலே வருகிறது. 'மழை பெய்தால்' என்பதற்கு 'இஃப் இட் வில் ரெயின்' என்று வந்ததும் இப்படித்தான் 'இஃப் இட் ரெயின்ஸ்' என்று திருந்தியது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை போடுவதும், 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றுக்குப் பின்னால் 'ஸ்' ஒட்டாமல் இருப்பதும் சில வாரங்களிலேயே படிந்துவிட்டன.

முன்னிடைச் சொற்களுக்கு (பிரிபொசிஷன்) அட்டைமுறை நடுத்தரம். 'டிபென்ட் ஆன்', 'குட் அட்', 'மேரிட் டு' மாதிரி ஜோடிகளைச் சேர்த்தே மனப்பாடம் செய்யவேண்டும், வேறு வழி இல்லை. தனிச்சொல்லாக எழுதிய அட்டைகள் ஒட்டவே இல்லை. முழு வாக்கியமாக மாற்றியபிறகுதான் நின்றன. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதற்கு 'டிஸ்கஸ்டு அபவுட்' என்று வருவதை நிறுத்த மட்டும் தனியாக ஒரு சிறு கட்டு தேவைப்பட்டது. 'பற்றி' என்று மனதில் ஓடினாலே 'அபவுட்' வந்து ஒட்டிக்கொள்கிறது.

அட்டை தோற்ற இடம் 'ஹி', 'ஷி'க்குப் பின்னால் வரும் வினையின் 'ஸ்'. 'ஷி கோஸ்' என்று எல்லாருக்கும் தெரியும், அட்டையில் யாரும் தவறவிடமாட்டார்கள். வேகமாகப் பேசும்போதுதான் 'ஷி கோ' என்று விழுகிறது. இத்தனைக்கும் போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஒவ்வொருவருக்கும் விகுதி மாற்றும் மொழி நம்முடையது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளிடமும் இது தாமதமாகவே படிகிறது என்று குழந்தைகளின் மொழியை ஆராய்ந்த ரோஜர் பிரவுன் 1973-லேயே பதிவு செய்திருக்கிறார். எனக்கு உதவியது வாய்ப்பயிற்சி. என் ஒரு நாளை 'ஐ' போட்டுச் சத்தமாகச் சொல்லிவிட்டு, உடனே அதையே 'ஷி' போட்டுச் சொல்வது. 'ஐ கெட் அப்' என்பது 'ஷி கெட்ஸ் அப்' ஆகும், 'ஐ டோன்ட்' என்பது 'ஷி டஸன்ட்' ஆகும். 'டஸன்ட்' வந்துவிட்டால் அடுத்த வினையில் 'ஸ்' போய்விடும். அதுவும் சேர்ந்தே பழகிவிடுகிறது. இதைச் சத்தம்போட்டுச் செய்யவேண்டும், மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பயன் இல்லை.

தானாகத் திருத்தும் மென்பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கோடு மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள், திருத்தத்தை நீங்களே யோசித்து எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றவிட்டால் மெயில் நன்றாக இருக்கும், எழுதியவருக்கு ஒன்றும் ஏறாது. என் புதிய அட்டைகளில் பெரும்பாலானவை இப்போது இந்த அடிக்கோடுகளிலிருந்துதான் வருகின்றன.

மிச்சம் இருப்பது பெயருக்கு முன்னால் வரும் 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிகிள்கள். முதல் இரண்டுக்கு நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' என்று எழுதிப் பழகியவர்களுக்கு 'ஆன்' புதிது அல்ல, இரண்டும் ஒலியைப் பார்த்தே வருகின்றன. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'யுனிவர்சிட்டி' உயிர்மெய்யில் தொடங்குகிறது, ஆகவே 'எ'. 'எம்.எல்.ஏ' உயிரில் தொடங்குகிறது, ஆகவே 'ஆன்'. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' ஆங்கில எழுத்தில் 'ஹெச்' கொண்டிருந்தாலும் ஒலியில் உயிர்தான், அதற்கும் 'ஆன்'. 'இயர்', 'ஒன் வே' மாதிரிச் சில சொற்களில் மட்டும் தமிழ் எழுத்து ஏமாற்றும். அவற்றின் ஆங்கில ஒலி 'ய', 'வ' என்றே தொடங்குகிறது, அதனால் 'எ' தான்.

'தி' இந்த அளவுக்கு இலகுவில் வருவதில்லை. எந்தப் பொருள் என்று கேட்பவருக்கும் தெரியுமா என்பதைப் பொறுத்தது அது. ஒற்றை வாக்கிய அட்டையில் முன்கதை இல்லாததால் அங்கே அதைப் பழகவே முடியாது. இப்போது வேறு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நல்ல ஆங்கிலக் கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்து, மூன்றையும் அடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து என் கணிப்பில் திரும்பப் போடுகிறேன். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டு, மாறிய ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை ஓரத்தில் தமிழில் எழுதுகிறேன். முதல் தடவை சொல்லும்போது 'எ', அடுத்த தடவை 'தி' என்ற எளிய விதி அந்த இடங்களில் பாதிக்குக்கூட விடை சொல்வதில்லை. இதுவரை பிடிபட்டதில் பெரியது, 'ஆஃப்' போட்டு எதனுடையது என்று பின்னாலேயே சொல்லிவிடும் பெயர்களுக்கு முன்னால் பெரும்பாலும் 'தி' வருகிறது என்பது. 'தி என்ட் ஆஃப் தி மீட்டிங்' என்பதில் அந்த முடிவைப் பற்றி முன்னால் யாரும் பேசியிருக்கவேண்டியதில்லை.