ஃப்ரீகேட் பழகலாமா? நீண்ட நாள் புழங்கியவனின் அனுபவம்

இலவசமாகக் கிடைக்கிறதே என்று மட்டும் நினைத்து, அளவு வைத்து 3டி மாடல் வரையும் மென்பொருளான ஃப்ரீகேட் பக்கம் வருபவர்கள் பலரும் ஒரே வாரத்தில் ஓடிவிடுகிறார்கள். திறந்ததும் ஒர்க்பெஞ்ச், அதாவது ஒவ்வொரு வேலைக்குமான கருவித் தொகுப்பு, என்று ஒரு நீளப் பட்டியல் நிற்கும்: பார்ட், பார்ட் டிசைன், டிராஃப்ட், மெஷ், ஃபெம்... எதில் போய் உட்காருவது என்றே தெரியாது. தட்டையான படம் (ஸ்கெட்ச்) வரையும் ஸ்கெட்சர், அதைக் கனமான பொருளாக்கும் பார்ட் டிசைன் இரண்டையும் தவிர மற்றதெல்லாம் இல்லவே இல்லை என்று கொஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதி பயம் போய்விடும்.

நான் இன்ஜினியரிங் படித்தவன் இல்லை. வீட்டில் உடைகிற சின்னச் சின்னச் சாமான்களை 3டி பிரிண்டரில் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மென்பொருளின் உயிர் ஸ்கெட்சரில் இருக்கிறது. ஃபேன் ரெகுலேட்டர் குமிழையே எடுத்துக்கொள்வோம். அது உட்காரும் தண்டு முழு வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் சீவியிருக்கும். என் வீட்டுத் தண்டை வெர்னியரில் அளந்தால் விட்டம் 6 மி.மீ., சீவிய பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 4.5 மி.மீ. குமிழில் இந்தத் தண்டு நுழையும் துளைக்கு ஸ்கெட்சில் ஒரு வில், ஒரு கோடு. முதலில் கைக்கு வந்தபடி வரைந்தால் போதும். மவுஸால் இழுத்தால் இரண்டும் ஆடும். வில்லின் முனைகளைக் கோட்டின் முனைகளோடு சேர்த்து, மையத்தை ஆதிப்புள்ளியில் பூட்டி, கோட்டைச் செங்குத்தாக்கி, ஆரம் 3 என்று கொடுத்து, மையத்திலிருந்து கோட்டுக்கு 1.5 என்று கொடுத்தால் படம் முழுக்கப் பச்சையாகிவிடும். இனி இழுத்தாலும் அசையாது. அந்தப் பச்சையைப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று தோன்றும். பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அச்சில் வரும் துளைகள் பொதுவாக வரைந்ததைவிட ஒரு பொடி சின்னதாகத்தான் வரும். குமிழ் தண்டில் ஏறாது. அப்போது 3ஐ 3.1 ஆகவும் 1.5ஐ 1.6 ஆகவும் மாற்றினால் போதும், குமிழ் முழுவதும் தானாகவே திருந்திக்கொள்ளும். இந்த எண்களை உள்ளேயே இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயர் போட்டு வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம்.

குறை இல்லாமல் இல்லை. 'டோப்போலாஜிக்கல் நேமிங்' என்ற பெயரில் ஒரு பழைய தலைவலி உண்டு. ஒவ்வொரு முகத்துக்கும் விளிம்புக்கும் மென்பொருள் ஒரு எண் கொடுக்கும். முன்பு முடித்த ஒரு கட்டத்துக்குத் திரும்பிப் போய் ஒரு துளையைச் சேர்த்தால் அந்த எண்கள் இடம் மாறி, இந்த மூலைக்குப் போட்ட ஃபில்லெட் (விளிம்பை உருட்டிவிடுவது) எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் மாடலே உடைந்து நிற்கும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இது பெருமளவு சரியாகிவிட்டது. அதே பதிப்பில் பல பாகங்களை ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் அசெம்பிளிக்கும் தனி ஒர்க்பெஞ்ச் உள்ளேயே வந்துவிட்டது. ஆனாலும் ஸ்கெட்சை முகத்தின் மேல் ஒட்டாமல் அடிப்படைத் தளங்களில் வைப்பது, ஃபில்லெட்டைக் கடைசியில் போடுவது என்ற பழைய பழக்கங்களை நான் விடவில்லை. விடவும் சொல்ல மாட்டேன்.

'பிளெண்டர் கற்றுக்கொள்ளலாமே' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதுவும் இலவச 3டி மென்பொருள்தான். பிள்ளையார் சிலையோ கார்ட்டூன் பொம்மையோ செய்ய வேண்டுமானால் தாராளமாக அங்கே போங்கள். அளவு பிசகக் கூடாத சாமானுக்கு அது தோதுப்படாது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷன் இதே வேலைக்கான மென்பொருள், ஃப்ரீகேடைவிட மழமழவென்று ஓடும், மறுக்கவில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்கான இலவச உரிமத்தில் ஒரே சமயத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்க முடியும், கோப்புகளும் அவர்களுடைய கிளவுடில் இருக்கும். என் கோப்பு என் டிஸ்கில் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு. உங்களுக்கு அது இல்லையென்றால் ஃப்யூஷனில் தொடங்குவதில் தவறே இல்லை. ஸ்கெட்ச் வரைவது, அதை அளவுகளால் பூட்டும் கட்டுப்பாடு என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மவுஸ் கட்டாயம் வாங்கிவிடுங்கள், சக்கரம் இருந்தால் சாதாரணமானதே போதும். டச்பேடில்தான் ஓட்ட வேண்டிய நிலை என்றால் மாடலைத் திருப்பி நகர்த்திப் பார்க்கும் நேவிகேஷன் முறையை 'ஜெஸ்சர்' என்று மாற்றிப் பாருங்கள், கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். சின்ன பாகங்களுக்கு 8 ஜிபி ரேம் உள்ள என் லேப்டாப்பே தாராளம்.

தமிழில் தேடினால் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் பாடங்கள்தான் அதிகம் அகப்படுகின்றன, ஃப்ரீகேடுக்குக் குறைச்சல். ஆங்கில வீடியோ பார்ப்பவர்கள் அது 1.0க்கு முன்னே எடுத்ததா பின்னே எடுத்ததா என்று முதலில் கவனியுங்கள். பட்டன்கள் இடம் மாறியிருப்பதால் பழைய வீடியோவை வைத்துக்கொண்டு தேடினால் பொழுதுதான் போகும்.

இன்னமும் நான் இதில் தொடாத இடம் வளைவு நெளிவான பரப்புகள். மிக்ஸி ஜார் கைப்பிடி உடைந்தால் இன்றைக்கும் கடையில்தான் வாங்குகிறேன்.