2சிவி-யா, சி1-ஆ? சிக்கனமான கார் பந்தயம்

எல்லாருக்கும் ஒரே மாடல் கார், ஒரே விதி. பணத்தைக் கொட்டி வேகம் வாங்க முடியாது. ஓட்டத் தெரிந்தால்தான் முன்னால் போகலாம். பிரிட்டனில் இப்படித் தொடங்க நினைப்பவர்கள் பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயனின் 2சிவி, சி1 என்ற இரண்டு சிறிய கார்களுக்கு நடுவே தடுமாறுவதுண்டு.

எஞ்சின்
2சிவி: 602 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றே குளிர்விப்பதால் ரேடியேட்டரே கிடையாது.
சி1: 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன்.

கார் கிடைப்பது
2சிவி: 1990-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. பழைய கார் சேகரிப்பாளர்களும் வாங்கப் போட்டி போடுவதால் விலை கடிக்கும்.
சி1: முதல் தலைமுறை 2005-இல் வந்தது. டொயோட்டா அய்கோ காரின் உடன்பிறப்பு, அடிப்படை வடிவமைப்பு ஒன்றுதான். பழைய கார் சந்தையில் சுலபமாகச் சிக்கும். ஆனால் கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் பாதுகாப்புக் கூண்டு, பந்தய இருக்கை, பெல்ட் எல்லாம் போட்டபின் காரின் விலையே சில்லறையாகத் தெரியும்!

ரிப்பேர்
2சிவி: சில போல்ட்டுகளைக் கழற்றினால் மட்கார்டு கையோடு வந்துவிடும். கழற்றிப் பூட்டுவதில் ருசி உள்ளவர்களுக்குக் கொண்டாட்டம்.
சி1: சாதாரண மெக்கானிக்குக்கே பழகிய வேலை.

ஓட்டுவது
2சிவி வளைவில் படகு மாதிரி சாயும். டேஷ்போர்டிலிருந்து நீட்டும் கியரைத் தள்ளி இழுக்க வேண்டும். சி1 நாம் தினம் ஓட்டும் கார் போலத்தான். இரண்டிலும் சக்தி குறைவு. தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டால், இழந்த வேகம் லேசில் திரும்பாது.

இரண்டுக்கும் 24 மணி நேரப் பந்தயம் உண்டு. நண்பர்கள் சேர்ந்து மாறி மாறி ஓட்டி, செலவைப் பங்கிடலாம்.

முதல் கார் என்றால் என் ஓட்டு சி1-க்கு. கராஜிலேயே குடியிருக்கத் தயார் என்றால், சரி, 2சிவி எடுங்கள்.