டாக்டர் பீட் டிபி-90: மார்ச்சிங் பேண்டுக்கு வாங்கலாமா?

டெக்சாஸில் பிள்ளையை ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில், அதாவது மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் இசைக்குழுவில், சேர்த்துவிட்டால் ஆகஸ்ட் மாதம் முழுக்க வெயிலில் சாமான் தூக்குவதுதான் நம் வேலை. அப்படித் தூக்கிய சாமான்களில் ஒன்று பாஸ் நிறுவனத்தின் டிபி-90 மெட்ரோனோம், அதாவது சீராக க்ளிக் சத்தம் போட்டு வேகம் காட்டும் கருவி. கருவியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 30 முதல் 250 பீட் வரை வைக்கலாம், பீட்டுக்கு நடுவே வரும் பாதி, கால் பங்குச் சத்தங்களைத் தனித்தனியாகக் கூட்டலாம் குறைக்கலாம், ஆள் குரலில் எண்ணவும் செய்யும். அதிலேயே இருக்கும் ஸ்பீக்கர் ஒரு அறைக்குத்தான் போதும், மைதானத்துக்குத் தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர் கட்டாயம்.

சரி, பெரிய ஸ்பீக்கர் வாங்கியாச்சு, அதை எங்கே வைப்பது? பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கை அசைத்து பேண்டை நடத்தும் ட்ரம் மேஜர் முன்னால் நிற்கிறார் என்று ஸ்பீக்கரையும் முன்னாலேயே வைத்துவிடுகிறார்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். 40 மீட்டர் பின்னால் நிற்கும் பையனுக்கு அந்த க்ளிக் 0.12 விநாடி கழித்துத்தான் கேட்கும். அதைக் கேட்டு அவன் ஊதுவது முன்னால் திரும்பி வர இன்னொரு 0.12. வேகம் 160 என்றால் ஒரு பீட்டே 0.375 விநாடிதான், ஆக அவன் ஊதுவது முன்னால் இருப்பவருக்குப் பாதி பீட்டுக்கும் மேல் பிந்திக் கேட்கிறது. பாவம், அவன் சரியாகத்தான் ஊதினான், திட்டு மட்டும் அவனுக்கு.

ஸ்பீக்கரை ட்ரம்லைனுக்கு (ட்ரம் வாசிப்பவர்களின் வரிசை) பின்னால் தள்ளிக்கொண்டு போய் வையுங்கள். க்ளிக் பின்னாலிருந்து கிளம்பி ஒவ்வொருவரையும் தாண்டி முன்னால் வரும், அவரவர் தன்னை அது தொடும்போது வாசித்தால் எல்லாச் சத்தமும் ஒன்றாக முன்னால் வந்து சேரும். முன்வரிசையில் நகராமல் நின்று மரிம்பா, சைலோஃபோன் போன்ற தட்டு வாத்தியங்கள் வாசிக்கும் பிள்ளைகள் (இவர்களைத்தான் பிட் என்பார்கள்) ட்ரம் மேஜரின் கையைப் பார்க்காமல் பின்னால் காது கொடுக்க வேண்டும். ட்ரம் மேஜரும் முன்னால் வந்து சேரும் சத்தத்துக்குக் கை அசைக்காமல் ட்ரம்லைனின் காலைப் பார்த்துத்தான் அசைக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இறங்கிக்கொண்டே போகும். ட்ரம்லைன் இடம் மாறினால் ஸ்பீக்கரும் கூடவே போகணும், ஆகவே சக்கரம் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ஸ்பீக்கரை ஒயர் இல்லாமல் ப்ளூடூத்தில் இணைக்கலாமா என்ற பஞ்சாயத்து. ப்ளூடூத்தில் தாமதம் உண்டுதான், ஆனால் க்ளிக் மட்டும் ஒரே ஸ்பீக்கரில் ஓடினால் அந்தத் தாமதம் எல்லோருக்கும் ஒன்று, யாருக்கும் தெரியாது. மைதானத்தின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்பீக்கர் வைத்தால்தான் வம்பு: நடுவில் நிற்கிறவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் இரண்டு க்ளிக் கேட்கும், அதற்கு ஒயர் இழுத்தாலும் விமோசனம் இல்லை. ப்ளூடூத்தில் ஓட்டும்போது கருவியில் மினுக்கும் விளக்கைப் பார்த்து ட்ரம் மேஜர் கை அசைத்தாலும் வம்புதான், அவர் கண்ணுக்கு விளக்கு உடனே தெரியும், பிள்ளைகள் காதுக்கு க்ளிக் பிந்தி வரும்.

போட்டியில் க்ளிக் கிடையாது என்பதால் பயிற்சியிலும் பாதி நேரமாவது அணைத்துவிட்டு ட்ரம்லைனையே நம்பி ஓட்டச் சொல்லுங்கள். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய மட்டும் என்றால் இவ்வளவு செலவு எதற்கு, போனில் இலவச ஆப் போதும். பேண்டுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம், பட்ஜெட் இடித்தால் இரண்டாவது ஸ்பீக்கரை வெட்டுங்கள்.