டிவியிலேயே ஆப் இருக்கும்போது ஸ்டிக் எதற்கு? படத் தரமும் வசதியும், ஓர் அலசல்

புது 4கே டிவி வாங்கிச் சுவரில் மாட்டிய வாரமே இந்தக் கேள்வி வந்துவிடும். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப் போதுமா, ஐயாயிரம் ஆறாயிரம் போட்டு டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் ஃபயர் டிவி ஸ்டிக் வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் துணிந்து ஆப்பிள் டிவி பெட்டியே வாங்கிவிடலாமா, இல்லை பிராட்பேண்டுக்காரர் திட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த செட்-டாப் பாக்ஸிலேயே ஓட்டிவிடலாமா? கடையில் கேட்டால் விலை கூடினதைக் காட்டுவார்கள். நண்பர்களைக் கேட்டால் அவரவர் வீட்டில் இருப்பதுதான் உசத்தி என்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கி மாட்டிய பிறகு செட்டிங்ஸ் பக்கம் யாரும் போகாமலே என்ன படம் கிடைக்கிறதோ, அதற்குத்தான் மார்க் போட வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் டால்பி, ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் படமுறை) முத்திரைகளுக்கு எல்லாம் அப்புறம்தான் இடம். ரிமோட் நாலு பேர் கையில் புழங்கும் வீட்டில், யாரோ ஒருவர் மெனுவுக்குள் நுழைந்து சரிசெய்தால்தான் நல்ல படம் என்றால், அந்த நல்ல படம் அந்த வீட்டில் ஓடப்போவதில்லை.

பெட்டியைக் குறை சொல்லும் முன் சந்தாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது வகுத்த அடுக்கில் 199 ரூபாய்த் திட்டம் முதலில் 480பி, பின்னர் 720பி வரைதான் (எண் கூடக்கூடப் படத்தில் புள்ளிகள் அதிகம்). 499 ரூபாய்க்கு 1080பி. 649 கட்டினால்தான் 4கேயும் ஹெச்டிஆரும். 199 ரூபாய்த் திட்டத்தில் இருப்பவர் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை மாட்டினாலும் வருவது 720பிதான்.

அடுத்தது தூரம். சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 55 இன்ச் டிவியில், ஏழடிக்குச் சற்று மேல் தள்ளி உட்கார்ந்தால் 1080பி படத்தின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. 43 இன்ச்சில் ஐந்தரை அடியிலேயே அந்த எல்லை வந்துவிடும். நம் வீட்டு ஹாலில் சோபாவை எதிர்ச்சுவரை ஒட்டிப் போட்டிருப்போம், பத்தடி சாதாரணம். அங்கிருந்து 4கேயா 1080பியா என்று புள்ளியை வைத்துச் சொல்கிறேன் என்பவரோடு தாராளமாகப் பந்தயம் கட்டலாம். அந்தத் தூரத்திலும் கண்ணில் படுகிறவை வேறு: ஹெச்டிஆர் தரும் ஒளி வித்தியாசம், இரவுக் காட்சியில் வானம் திட்டுத்திட்டாகப் பிரிவது, அப்புறம் அசைவு. இந்த அசைவில்தான் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் அதிகம். விளம்பரத்தில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அசைவுக் கணக்கு

சினிமா வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். ஸ்டிக்கும் பெட்டியும் வழக்கமாக டிவிக்கு அனுப்புவது வினாடிக்கு 60. இருபத்துநாலை அறுபதில் அடைக்க, ஒரு பிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். சண்டைக் காட்சியில் இது தெரியாது. கேமரா நிதானமாக நகரும் இடத்தில் தெரியும். நாயகன் ஊருக்குத் திரும்புகிறான், பஸ் ஜன்னலுக்கு வெளியே பனைமரங்கள் வரிசையாகப் பின்னால் போகின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு மரமும் வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போகும். படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும்போதும் இதே கதைதான்.

கிரிக்கெட்டில் கணக்கு வேறு. இந்தியாவில் டிவி ஒளிபரப்பு 50 என்ற கணக்கில் நடப்பது. அதே 50இல் வரும் ஆட்டத்தை 60இல் காட்டினால், ஐந்து பிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். பந்து பவுண்டரியை நோக்கி உருள, கேமரா பின்னாலேயே துரத்த, புல்தரை வினாடிக்குப் பத்து தடவை விக்கல் எடுத்ததுபோல் லேசாகக் குலுங்கும். பலருக்கு இது பழகிவிட்டது. ஒரு தடவை கவனித்துவிட்டால் அப்புறம் கண்ணை விட்டுப் போகாது. (இதைப் படித்ததற்காக என்னைத் திட்டாதீர்கள்.)

டிவிக்குள்ளேயே ஓடும் ஆப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. நடுவில் ஹெச்டிஎம்ஐ கேபிள் கிடையாது. 24 பிரேம் வந்தால் நல்ல டிவி அதற்கேற்பத் திரையை ஓட்டும். ஹெச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷன் வந்தால் அதற்குரிய படமுறைக்குத் தானாக மாறும். பழைய பாட்டைப் போட்டால் சாதாரண நிறத்துக்குத் திரும்பும். வீட்டில் யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். அதனால்தான் சமீபத்தில் வாங்கிய, ஓரளவு நல்ல டிவியில், உள்ளே இருக்கும் ஆப்பைக் குறைவாக மதிப்பிடக் கூடாது என்கிறேன்.

ஃபயர் டிவி ஸ்டிக் 4கேயில் டிஸ்ப்ளே பகுதிக்குள் 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. நாமாகத் தேடிப் போய்ப் போட வேண்டும். போட்டாலும் எல்லா ஆப்பும் அதை மதிப்பதில்லை. பக்கத்திலேயே டைனமிக் ரேஞ்ச் (ஒளிவீச்சு) என்று இன்னொன்று. அது 'எப்போதும் ஹெச்டிஆர்' என்று இருந்தால், யூடியூபில் ஓடும் பழைய கறுப்பு-வெள்ளைப் பாட்டைக்கூட ஹெச்டிஆராக மாற்றித்தான் டிவிக்கு அனுப்பும். முகங்கள் வெளுத்துத் தெரியும். 'அடாப்டிவ்' என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் ஸ்டிக் வாங்கின எத்தனை வீட்டில் அந்த இரண்டு நிமிடம் செலவாகியிருக்கும்?

ஆப்பிள் டிவி 4கேயில் இதே வேலை 'மேட்ச் கன்டென்ட்' என்ற ஒரே இடத்தில் இருக்கிறது. ஒளிவீச்சுக்கு ஒரு சுவிட்ச், பிரேம் வேகத்துக்கு ஒரு சுவிட்ச். பெரிய ஆப்கள் பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படும். படத்தை மட்டும் பார்த்தால், வெளியிலிருந்து மாட்டும் பெட்டிகளில் என் ஓட்டு இதற்குத்தான்.

இதற்கு வசதியில் ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு தடவை பிரேம் வேகம் மாறும்போதும் ஹெச்டிஎம்ஐ இணைப்பு புதிதாகக் கைகுலுக்க வேண்டும். திரை ஓரிரு வினாடி கறுத்துவிடும். எங்கள் வீட்டில் மாமியார் படத்தைப் போட்டார், திரை கறுத்தது. "மாப்ள, டிவி போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஹோம் பட்டனை அழுத்தினார். முகப்புக்குத் திரும்பும்போது மறுபடியும் கறுத்தது. இன்னும் நாலு பட்டன். கடைசியில் பிரேம் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒளிவீச்சை மட்டும் விட்டு வைத்தேன். இந்தக் கறுப்பைத் தவிர்க்க ஹெச்டிஎம்ஐ 2.1இல் க்யூஎம்எஸ் என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. 2022இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆப்பிள் டிவி அதை ஆதரிக்கிறது. டிவியும் ஆதரித்தால்தான் பலன்.

பெட்டி எதுவானாலும் டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்கும் வேலையை மட்டும் அவசியம் செய்துவிடுங்கள். "படம் என்னடா சீரியல் மாதிரி தெரியுது" என்று யாராவது சொன்னால் அது டிவியின் மோஷன் ஸ்மூத்திங் வேலை. இல்லாத பிரேம்களை டிவியே கற்பனை செய்து நடுவில் செருகுகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர்கள் வேறு வேறு. 2019இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் என்ற படமுறை உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போட்டாலே இது அணைந்துவிடும். காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இது.

வசதி என்று எதைச் சொல்கிறோம்

இங்கே தராசு சாயும். டிவிக்குள் இருக்கும் ஆப்புக்கு ஒரே ரிமோட், தனி ப்ளக் வேண்டாம். ஆனால் விலை குறைந்த டிவிகளின் நினைவகமும் பிராசசரும் கொஞ்சம்தான். புதிதில் சுறுசுறுப்பாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஆப்கள் கனத்துப்போய், நெட்ஃபிளிக்ஸ் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். டிவி கம்பெனி அப்டேட்டை நிறுத்தினால் அத்தோடு சரி. 2019 டிசம்பரில் 2010, 2011 காலத்துச் சாம்சங் டிவிகள் சிலவற்றுக்கு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, மூளைக்குத்தான் வயதாகிவிட்டது. அந்த மாதிரி டிவிக்கு ஸ்டிக் நிஜமாகவே உயிர் கொடுக்கும்.

வெளிப் பெட்டிகளுக்கும் ஆயுள் நிச்சயமில்லை. 2025 மார்ச்சில், டிவியில் செருகும் கூகுளின் குரோம்காஸ்ட் சாதனங்களில் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை ஒரு சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கின. கூகுள் சரிசெய்து அனுப்பச் சில நாட்கள் ஆயின. குரோம்காஸ்ட் வரிசையையே கூகுள் 2024இல் நிறுத்திவிட்டது. ஆனால் ஐயாயிரம் ரூபாய் ஸ்டிக்கைத் தூக்கிப்போட்டு வேறு வாங்குவது, டிவியை மாற்றுவதைவிட எளிது.

ஃபயர் டிவியின் முகப்பைத் திறந்தால் பாதித் திரை விளம்பரம்தான். ஆப்பிளின் முகப்பு அமைதியானது, வேகமானது. 2022 மாடல் இந்தியாவில் 14,900 ரூபாய்க்கு வந்தது, ஈதர்நெட் (நெட்வொர்க் கேபிள்) துளை உள்ளது 16,900. ரிமோட் சின்னது, சோபா இடுக்கில் போனால் தேட வேண்டும்.  வீட்டில் ஐபோனே இல்லையென்றால் இதன் வசதிகளில் பாதி உங்களுக்கு உதவாது.

பிராட்பேண்டுக்காரரின் செட்-டாப் பாக்ஸ், சேனலும் ஓடிடியும் ஒரே ரிமோட்டில், ஒரே பில்லில் என்பதால் பெரியவர்கள் உள்ள வீட்டுக்குப் பொருத்தம். படத்தைப் பொறுத்தவரை, மாட்டிவிட்டுப் போனவர் எந்த அளவில் வைத்தாரோ அதுதான் கடைசி வரைக்கும். 4கே டிவியில் 1080பியிலேயே வருடக்கணக்கில் ஓடும் பெட்டிகளை நிறைய வீடுகளில் பார்க்கலாம்.

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு '8கே' என்று அச்சடித்து விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு வைட்வைன் எல்1 என்ற காப்புச் சான்று கிடையாது, அதைவிடக் குறைந்த எல்3 மட்டும்தான். அந்த நிலையில் பெரிய ஓடிடிகள் 480பி அளவுக்கு மேல் படத்தை அனுப்பாது. தரமும் போச்சு, வசதியும் போச்சு.

உச்சத் தரம் வேண்டுமென்றால்

அதற்கு ஸ்ட்ரீமிங்கை விட்டே வெளியே வர வேண்டும். நெட்ஃபிளிக்ஸின் 4கே மணிக்கு ஏறத்தாழ 7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் பதினேழு, பதினெட்டு ஜிபிக்குள் அடங்கிவிடும். 2016இல் வந்த 4கே ப்ளூ-ரே டிஸ்க்கின் கொள்ளளவு 100 ஜிபி வரை. வேகம் வினாடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். இருட்டுக் காட்சியையும் மழையையும் புகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். ஸ்ட்ரீமிங்கிலேயே இதை நெருங்க முயல்வது சோனியின் பிக்சர்ஸ் கோர் சேவை. 80 மெகாபிட் வரை அனுப்பும், ஆனால் வீட்டு இணைப்பு குறைந்தது 115 மெகாபிட் வேண்டும், சோனி டிவியும் வேண்டும், சோனி படங்களாகவும் இருக்க வேண்டும். டிஸ்க்கின் பாடு அதைவிடக் கஷ்டம். ஓப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் பிளேயர் தயாரிப்பை விட்டன. தமிழ்ப் படம் 4கே டிஸ்க்காக வருவது அபூர்வம். வெளிநாட்டுப் படங்களுக்காகவே ஹோம் தியேட்டர் கட்டியவருக்கு இது சரி. மற்றவர்களுக்கு அலமாரியில் தூசி படியும் பெட்டி.

சரி, எதை வாங்குவது? டிவி வாங்கி மூன்று வருடம் ஆகாமல், ஆப்கள் தடுமாறாமல் திறந்தால் எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ரவுட்டரிலிருந்து டிவி வரை ஒரு நெட்வொர்க் கேபிள் இழுங்கள். பல டிவிகளின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட்தான். 15 மெகாபிட் கேட்கும் 4கே படத்துக்கு அதுவே தாராளம். டிவி தவழ ஆரம்பித்துவிட்டதென்றால் 4கே ஸ்டிக். பனைமரம் தத்துவது உங்களை உறுத்துகிறது, வீட்டாரும் இரண்டு வினாடிக் கறுப்பைப் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் ஆப்பிள் டிவி.

ஸ்டிக் வாங்குகிறவர்கள் அதோடு வரும் அடாப்டரையே ப்ளக்கில் செருகுங்கள். டிவியின் யூஎஸ்பி துளை பல நேரம் போதிய மின்சாரம் தராது, ஸ்டிக் நடுப்படத்தில் அணைந்து எழும். பெட்டிக்குள் ஒரு குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரும் இருக்கும். பலர் அதை அப்படியே போட்டுவிடுகிறார்கள். ஸ்டிக் டிவியின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வைஃபை பலவீனப்படும். அந்த ஒயரைப் போட்டு நாலு விரற்கடை வெளியே தள்ளினால் சிக்னல் ஏறும். அப்புறம் டிவி செட்டிங்ஸில் ஸ்டிக் செருகிய ஹெச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் ப்ளஸ்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. திறக்காவிட்டால் 4கே ஹெச்டிஆருக்குக் காசு கட்டிவிட்டு வெறும் 4கேதான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.