வால்வு ஆம்ப்ளிஃபையரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: என் ரூ.14,500 போய்விட்டது

மதுரையில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் ஒரு கடையில் ரூ.14,500 பறிகொடுத்துவிட்டு, வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை.

அப்பா உசிலம்பட்டியில் மைக் செட் வைத்திருந்தவர். காதுகுத்து, கல்யாணம், சிவராத்திரி என்று ஊர் ஊராகப் பாடிய வால்வு ஆம்ப்ளிஃபையர் அது, வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது. சூடானதும் உம்மென்று இரைச்சல் வரும். சற்று நேரத்தில் இரண்டு ஈ.எல்.34 வால்வுகளில் ஒன்றின் உள்தகடு மட்டும் செக்கச் சிவந்துவிடும். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டி, ஸ்பீக்கரில் என்ன கேட்கிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்பாவும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். "காசு கிடக்கிறது அண்ணே, இது அப்பா சொத்து, என் சொந்த செட்டாக நினைத்துச் செய்து தருகிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கொடுத்தேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்ற வேண்டும், இரண்டு வால்வுகளையும் மாற்ற வேண்டும், வயரிங் முழுவதும் புதிதாகப் போட வேண்டும் என்று கணக்குச் சொன்னார். முன்பணம் 5,000. செட்டைக் கையில் கொடுத்தபோது மீதி 9,500.

வீட்டில் போட்டால் அதே இரைச்சல், அதே சிவப்பு. போதாக்குறைக்கு ஒரு ரெசிஸ்டரிலிருந்து புகை.

அப்பாவிடம் வேலை பார்த்த மாமா வந்து அடித்தட்டைக் கழற்றினார். டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே இல்லை. பழைய வார்னிஷும் தூசியும் அப்படியே இருந்தன. புது வயரிங் என்றாரே, வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட் ஏசி வயர்களை முறுக்காமல், கிரிட் (வால்வுக்குள் ஒலி சிக்னல் நுழையும் முனை) வயரோடு சேர்த்து டேப் சுற்றியிருக்கிறார். ஏசியின் உறுமல் சிக்னலில் ஏறும்போது இரைச்சல் எப்படி அடங்கும்? சிவந்த வால்வைப் பிடுங்கிவிட்டு, அதன் கிரிட் முனையில் மாமா மீட்டரை வைத்தார். இந்தச் செட்டில் பூஜ்யம் காட்ட வேண்டிய இடம் அது. 18 வோல்ட் பாசிட்டிவ் காட்டியது. வால்வே இல்லாதபோதும் வோல்ட்டேஜ் நிற்கிறது என்றால் குற்றம் வால்வில் இல்லை, டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. கிரிட் இப்படி ஏறினால் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், தகடு சிவக்கும். மாற்ற வேண்டியது அந்தச் சின்னக் கெபாசிட்டரை. அதை மட்டும் விட்டுவிட்டு ரூ.14,500! "புது" வால்வுகளின் கண்ணாடியில் எழுத்தைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். அப்பாவின் வால்வுகள் திரும்பி வரவே இல்லை.

போன் செய்தால் முதலில் "உங்கள் ஊர் வோல்ட்டேஜ் சரியில்லை". பிறகு "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார்". பென்சிலால் தட்டியவர் இவர்தானே! நேரில் போனேன். டீ வாங்கித் தந்தார். பணப் பேச்சை எடுத்ததும் "வால்வுக்குக் கேரண்டி கிடையாது அண்ணே" என்று அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார். பில் கேட்டதற்குப் பதிலே இல்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. ரூ.14,500 அவர் பெட்டியில் இருக்கிறது.

கொடுப்பவர்கள் தயவுசெய்து கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தகடு சிவக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். கோபத்தில் நீங்களே திறந்து கை வைத்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் நிற்கும், ஆளைக் கொன்றுவிடும்.